குறுங்கணினியும் அதன் இயங்குதளமும்

சிறு மடிக்கணினி ஒன்றைப் புதிதாக வாங்கியவரோ, பரணில் கிடந்த பழைய யந்திரத்தைத் தூசி தட்டி இறக்கியவரோ, அதில் எந்த இயங்குதளத்தை வைத்துக்கொள்வது உசிதம் என்று நாலு பேரிடம் கேட்கப் புகுந்தால், அவருக்குக் கிடைக்கும் விடைகளிற் பெரும்பாலானவை அந்த யந்திரத்தைப் பற்றியவையாக இரா. விடை சொல்பவருடைய பக்தியைப் பற்றியவையாகவே இருக்கும். லினக்ஸ் அபிமானி லினக்ஸே மோட்சம் என்பார். விண்டோஸில் பழகியவர், உலகமெல்லாம் உபயோகிப்பதை விட்டு நீர் ஏன் காட்டுவழி போகவேண்டும் என்று கேட்பார். கோயில் யானைக்கு இடவேண்டியது வடகலை நாமமா தென்கலை நாமமா என்று நியாயஸ்தலம் வரையில் வழக்காடியவர்களைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு கதை சொல்லுவதுண்டு. அந்த வழக்கில் யானைக்குத் தீனி போதுமா என்று விசாரித்தவர் ஒருவரும் இல்லை. குறுங்கணினி விஷயத்திலும் நடந்து வந்திருப்பது ஏறக்குறைய அதுவே.

இக்கட்டுரையில் குறுங்கணினி என்று நான் குறிப்பது, ஏழு அங்குலத்திலிருந்து பதினோரு அங்குலம் வரையிலான திரையும், ஏறத்தாழ ஒரு கிலோ எடையும், எளிய செயலியும் கொண்டு, நெட்புக் என்ற பெயரோடு 2007-ஆம் ஆண்டுக்குப் பின் பெருகிய இனத்தையும் அதன் வாரிசுகளையுமே. இவ்வினத்தில் எந்த யந்திரத்தை எடுத்துக்கொண்டாலும் ஏதோ ஒன்று மிகக் குறைவாக இருக்கும். ஒன்றில் சேமிப்பிடம், மற்றொன்றில் நினைவகம், இன்னொன்றில் திரையின் உயரம். எல்லாம் ஓரளவு இருந்தும் யந்திரத்தைப் பராமரிக்க ஆளில்லாமையே குறையாக அமைவதும் உண்டு. இயங்குதளத்தின் குணங்களிலிருந்து யோசனையைத் தொடங்காமல், இந்த யந்திரத்தில் எது அதிகக் குறைவு என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் விடை பெரும்பாலும் தானே வந்து நிற்கும் என்பது என் அபிப்பிராயம். இதுவரை வந்த இயங்குதளங்கள் வென்றதும் தோற்றதும் இந்த ஓர் இடத்தில்தான் என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே காட்ட முயலுகிறேன்.

முதலில் இப்படி ஒரு கேள்வியே இருந்ததில்லை. 1981-இல் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 என்னும் பதினோரு கிலோப் பெட்டியில் சிபி/எம் இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. 1983-இல் ரேடியோ ஷாக் கடைகளில் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100-இல் எழுதவும், முகவரிகளைக் குறித்து வைக்கவும், தொலைபேசிக் கம்பி வழியே செய்தி அனுப்பவும் வேண்டிய எல்லாம் அழியா நினைவகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தன. வரிக்கு நாற்பது எழுத்தாக எட்டு வரிகள் மட்டுமே காட்டிய அத்திரையும், சாதாரண பென்சில் பாட்டரி நான்கைக் கொண்டு ஏறத்தாழ இருபது மணி நேரம் உழைத்த அதன் சிக்கனமும், பொத்தானை அமுக்கிய மாத்திரத்தில் விட்ட இடத்திலேயே எழுந்து நிற்கும் அதன் விழிப்பும் பத்திரிகை நிருபர்களை வெகு காலம் கட்டிப்போட்டு வைத்தன. 1991-இல் வந்த ஹெச்பி 95எல்எக்ஸ் டாஸையும் லோட்டஸ் கணக்கேட்டையும் அவ்வாறே உள்ளே பொறித்து வைத்துக்கொண்டது. 1997-இல் வந்த சையான் சீரிஸ் 5, எபாக் என்ற தன் சொந்த இயங்குதளத்தோடு பிறந்தது. அந்த எபாக்தான் பிற்பாடு சிம்பியன் என்ற பெயரில் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் குடியேறிற்று. இவையெல்லாம் உடலும் உயிரும் போல யந்திரமும் இயங்குதளமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. ஆகையால் அவற்றில் தேர்வு என்பதற்கு இடமில்லை.

மேஜைக் கணினியின் உறுப்புகளே சுருங்கி, மேஜைமேல் ஓடுகிற எதுவும் மடிமேலும் ஓடக்கூடும் என்ற நிலைமை வந்தபோதுதான் எதை ஓட்டுவது என்ற சங்கடமும் கூடவே வந்தது. அதற்கு 2007-ஆம் ஆண்டைச் சொல்லலாம். அவ்வாண்டின் பிற்பகுதியில், சில வாரங்கள் முன்பின்னாக, இரண்டு யந்திரங்கள் வெளிப்பட்டன. முதலாவது, ஏழைக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் ஒரு மடிக்கணினி என்று நிக்கோலஸ் நெக்ரொபாண்டி 2005-இல் டாவோஸ் நகரில் அறிவித்த திட்டத்தின் பலனாகிய எக்ஸ்ஓ-1. இரண்டாவது, தைவானைச் சேர்ந்த அசூஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701.

எக்ஸ்ஓ-வை உருவாக்கியவர்கள் யந்திரத்தின் குறையை நன்றாக அறிந்திருந்தார்கள். 256 மெகாபைட் நினைவகம், ஒரு ஜிகாபைட் சேமிப்பிடம், 433 மெகாஹெர்ட்ஸ் செயலி, இவ்வளவுதான் கைம்முதல். ஃபெடோரா லினக்ஸை அடித்தளமாக வைத்து, அதன்மேல் சுகர் என்ற புதிய முகத்தை அமைத்தார்கள். அதில் கோப்பு இல்லை, கோப்புறை இல்லை; குழந்தை செய்த காரியமெல்லாம் நாட்குறிப்புப் போல வரிசையாகத் தானே பதிந்துகொண்டு போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் யந்திரம் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். அதைத் தொட்டு இருவரும் சேர்ந்து ஒரே படத்தை வரையலாம். நான் அறிந்தவரையில், அலுவலக மேஜையின் போலியாக இல்லாமல் குழந்தையின் கண்கொண்டு கணினியை யோசித்த முயற்சிகளில் இதற்கு இணையானவை மிகச் சில. ஆனால் விலைக்கு வாங்கவேண்டிய அரசாங்கங்களிற் சில, நாளைக்கு எங்கள் பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போகுமிடத்தில் விண்டோஸ் அல்லவா இருக்கும் என்று கேட்கத் தொடங்கின. 2008 மே மாதத்தில் எக்ஸ்ஓ-வில் விண்டோஸ் எக்ஸ்பி ஓட்ட உடன்பாடு ஏற்பட்டது. சுகரை வளர்த்தவர்களில் முக்கியமானவரான வால்டர் பெண்டர் அதற்கு முந்தின மாதமே விலகி, சுகர் லேப்ஸ் என்று தனியே தொடங்கினார். இதில் வேடிக்கை என்னவென்றால், கொள்கை பேசி முடிந்த பிறகும் இடம் இணங்கவில்லை. ஒரு ஜிகாபைட்டுக்குள் எக்ஸ்பியை அடக்க முடியாமல், பக்கவாட்டில் ஒரு நினைவட்டையைச் செருகி அதில் அதைக் குடிவைக்க வேண்டியதாயிற்று. உருகுவே நாடு தன் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் 2009-க்குள் எக்ஸ்ஓ வழங்கி முடித்தது சுகரோடுதான்.

ஈ பிசியோ குழந்தைகளுக்கென்று மட்டும் வந்ததன்று. பிரயாணிகளும் மாணவர்களும் வாங்கட்டும் என்றே விற்கப்பட்டது. 199 டாலரென்று முதலில் பேசி, 399 டாலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அந்த ஏழு அங்குல யந்திரத்தில் 512 மெகாபைட் நினைவகமும் நான்கு ஜிகாபைட் ஃபிளாஷ் சேமிப்பிடமும் இருந்தன. அந்த வருஷத்து விண்டோஸ் விஸ்டாவோ, தான் காலூன்றவே பதினைந்து ஜிகாபைட் காலியிடம் கேட்டது. ஆகவே அசூஸ் நிறுவனம் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது தத்துவம் பற்றியன்று. விஸ்டாவுக்கு வீட்டில் இடமில்லை, லினக்ஸுக்கு விலையில்லை, அவ்வளவே. டெபியனின் வழிவந்த ஸான்ட்ராஸ் என்னும் லினக்ஸை எடுத்து, இணையம், வேலை, கல்வி, விளையாட்டு என்று பெரிய பெரிய சித்திரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, திறந்தவுடன் யாரும் திகைக்காதபடி செய்திருந்தார்கள்.

அதன் உட்புற ஏற்பாடு ஒன்று தனியே சொல்லத்தக்கது. இயங்குதளத்தின் மூலப் பிரதி முழுவதும் எழுதவொண்ணாத ஒரு பகுதியில் கிடக்க, நாம் செய்யும் மாற்றங்கள் மட்டும் அதன்மேல் மெல்லிய தாள் விரித்தாற்போல மற்றொரு பகுதியில் படியும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். யந்திரம் கோளாறு செய்தால், தொடக்கத்தில் எஃப்9 பொத்தானை அமுக்கி மேல்தாளை உருவிப் போட்டுவிடலாம். வாங்கிய அன்றிருந்த நிலைமை திரும்பிவிடும். அறியாதவர் கையில் கொடுக்கும் யந்திரத்துக்கு இதைக் காட்டிலும் பெரிய காப்பு வேறில்லை. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. வேண்டாத மென்பொருளை நீக்கினால் மேல்தாளில் அது மறைக்கப்படுமேயன்றி, அடியிலுள்ள பிரதி அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். நான்கு ஜிகாபைட்டே மொத்த ஆஸ்தியாயிருக்கும் வீட்டில் இது சிறிய விஷயமன்று. விவரமறிந்தவர்கள் பலர் முதற் காரியமாக ஸான்ட்ராஸை அழித்துவிட்டு, டெபியனையோ உபுண்டுவையோ ஏற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனித் திரையின் உயரம். எண்ணூறு புள்ளி அகலமும் நானூற்றெண்பது புள்ளி உயரமும் உடைய திரையில், அறுநூறு புள்ளி உயரமாவது இருக்குமென்று நம்பி எழுதப்பட்ட உரையாடல் சாளரங்கள் திறந்தபோது, ‘சரி’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே பாதாளத்தில் போய் நின்றது. எல்லாவற்றையும் பூர்த்தி செய்த பிற்பாடு சம்மதம் தெரிவிக்க வழியில்லாமல் விழித்தவர்கள் அக்காலத்தில் அநேகர். லினக்ஸ் மேஜைகளில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தை எங்கு வேண்டுமாயினும் பிடித்து மேலே இழுத்துவிடலாம். விண்டோஸில் தலைப்புப் பட்டையைத் திரைக்கு மேலே தள்ள விசைப்பலகையின் மூலம் சற்றே சுற்றிவளைத்துப் போகவேண்டும். அற்ப விஷயமாகத் தோன்றுகிற இந்த ஒன்று, நாள்தோறும் யந்திரத்தோடு வாழ்பவனுக்கு, விளம்பரத் தாள்களில் அச்சாகும் சிறப்புகள் பலவற்றையும்விட முக்கியமானது. 2010 அக்டோபரில் உபுண்டுவின் நெட்புக் பதிப்பில் யூனிட்டி என்ற புதிய முகம் வந்தபோது, செயலிப் பட்டையை இடப்பக்கமாக நிமிர்த்தி வைத்ததும், பட்டியல்களை உச்சிப் பட்டையோடு இணைத்ததும் இந்த உயரப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்காகவே. மறு ஆண்டில் அதே முகம் பெரிய கணினிகளுக்கும் பொதுவாக்கப்பட்டபோது, அகன்ற திரையின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் இது எதற்கு என்று கோபித்துக்கொண்டார்கள். குட்டை வீட்டுக்கென்று செய்த நிலைப்படியில் மாளிகைவாசிகள் குனிந்து நுழைய நேர்ந்த கதை அது.

மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்கவில்லை. 2008 ஜூன் 30-ஆம் தேதியோடு எக்ஸ்பியின் பொது விற்பனையை நிறுத்தி எல்லாரையும் விஸ்டாவுக்கு அழைத்துப்போக நினைத்திருந்த அந்நிறுவனம், குறுங்கணினிகள் லினக்ஸோடு விற்றுப்போவதைக் கண்டு, இவ்வகை மலிவு யந்திரங்களுக்கு மட்டும் எக்ஸ்பியைத் தொடர்ந்து கொடுப்பதாக அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. இந்தச் சலுகை திரையளவு, நினைவகம் முதலியவற்றுக்கு வரம்பு கட்டியே வந்தது. நினைவகம் ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்படக் கூடாது. இன்டெல்லின் ஆட்டம் என்-270 செயலியும், ஒரு ஜிகாபைட் நினைவகமும், பத்தங்குலத் திரையும் என்று அக்காலத்து நெட்புக்குகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருந்ததற்கு, யந்திரவியல் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்த உரிம நிபந்தனையும் ஆகும். யந்திரத்துக்கு இயங்குதளத்தைத் தேடிய நிலை மாறி, இயங்குதளத்தின் விலைப்பட்டியலுக்கு ஏற்ப யந்திரத்தைக் குறுக்கிய விசித்திரம் அது. 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோதும் குறுங்கணினிக்கென்று ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு ஒன்று வந்தது. ஒரே சமயத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்கவொட்டாமல் அதில் தடை வைப்பதென்று முதலில் எண்ணிப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் திரையின் பின்னணிப் படத்தை மாற்றிக்கொள்ளும் அற்ப சுதந்திரத்தைக்கூட உடையவனுக்குக் கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய வீட்டில் ஆணி அடிக்கக் கூடாதென்று விற்றவர் சொல்வதை நான் கேட்டது அப்பொழுதுதான்.

லினக்ஸ் தோற்றதற்கு எக்ஸ்பியின் மறுவருகை மட்டுமே காரணமென்று சொல்வது நியாயமாகாது. 2008-இல் எம்எஸ்ஐ நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், லினக்ஸோடு விற்ற யந்திரங்கள் எக்ஸ்பி யந்திரங்களைப்போல் நான்கு மடங்காவது திருப்பிக் கொடுக்கப்படுகின்றன என்று கூறியது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. மறு வருஷம் டெல் நிறுவனத்தார், தங்கள் உபுண்டு யந்திரங்களில் அப்படியொரு வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை என்றார்கள். இரண்டு கூற்றும் ஒருங்கே மெய்யாக இருக்கக்கூடும். தான் வாங்குவது இன்னதென்று அறிந்து வாங்கியவன் திருப்பிக் கொடுப்பதில்லை. கடைக்காரன் பேச்சை நம்பிச் சிறிய விண்டோஸ் என்றெண்ணி வாங்கியவன், வீட்டுக்கு வந்து தன் பழைய அச்சுப்பொறி இணங்காததைக் கண்டால் மறுநாளே திருப்புகிறான். இதோடு, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு லினக்ஸை எடுத்துக்கொண்டதும் கெடுதலாயிற்று. அசூஸில் ஸான்ட்ராஸ், ஏசரில் லின்பஸ், ஹெச்பியில் சூசே, டெல்லில் உபுண்டு என்று நான்கு கடையில் நான்கு முகம். ஒன்றில் கற்றது மற்றொன்றுக்கு உதவாது. லின்பஸ் முதலியவற்றில் புதிய மென்பொருள் சேர்க்க வழியும் குறுகலாயிருந்தது. இன்டெல்லின் மோப்லினும், அது நோக்கியாவின் மேமோவோடு கலந்து 2010-இல் பிறந்த மீகோவும் இக்குறையைப் போக்க வந்தவை. நோக்கியா மறு ஆண்டே கைவிட, குழந்தை நடை பயிலுமுன்பே அநாதையாயிற்று. அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

எக்ஸ்பியை ஏற்றியவர்கள் எல்லாரும் சுகப்பட்டார்களென்றும் நினைக்க வேண்டாம். மலிவான ஃபிளாஷ் சேமிப்பிடம் படிப்பதில் வேகமாகவும் சிறு சிறு துண்டுகளாக எழுதுவதில் மிக மந்தமாகவும் இருக்கும். எக்ஸ்பியோ சுழலும் வன்தட்டுக் காலத்தில் எழுதப்பட்டது, ஓயாமல் எதையாவது குறித்து வைக்கும் சுபாவமுடையது. இரண்டும் சேர்ந்தால், தட்டச்சு செய்யும்போது இரண்டு மூன்று விநாடி யந்திரம் மூச்சடங்கி நின்று, பிறகு விட்டுப்போன எழுத்துகளையெல்லாம் ஒரே வீச்சில் கொட்டும். ஏசரின் ஆரம்பத்து ஆஸ்பயர் ஒன் போன்ற ஃபிளாஷ் யந்திரங்களில் இந்த அவஸ்தையை அனுபவித்தவர்கள் பலர். லினக்ஸில் ஸ்வாப் என்கிற மாற்றிடத்தை நிறுத்திவைக்கலாம், கோப்பைத் திறந்த நேரத்தைக் குறிக்கும் வழக்கத்தை நிறுத்தலாம், நாட்குறிப்பு வைக்காத எக்ஸ்ட்2 கோப்புமுறையைத் தேர்ந்துகொள்ளலாம். எழுத்தைக் குறைத்தால் வேகமும் கூடும், ஃபிளாஷின் ஆயுளும் நீளும். தெரிந்தவன் கையில் மட்டுமே இவை வரம். தெரியாதவனுக்கு இவற்றைச் சொல்வதே ஒரு தண்டனை.

தமிழில் எழுதுபவனுக்கு இந்தக் கேள்வியில் ஒரு தனிப் பிரிவும் உண்டு. எக்ஸ்பியில் யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் இருந்தபோதிலும், சிக்கலான எழுத்து முறைகளுக்குரிய ஆதரவைத் தனியே இயக்கிக்கொண்டால்தான் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே வந்து நிற்கும். இல்லாவிடில் அது பின்னே புள்ளிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு தொங்கும். அதை இயக்கப்போனால் எக்ஸ்பியின் குறுந்தகட்டைச் செருகு என்று யந்திரம் கட்டளையிடும். நெட்புக்கில் குறுந்தகடு செருக வாய் ஏது? நான் வாங்கிய யந்திரத்தில் அந்தக் கோப்புகள் வன்தட்டிலும் வைக்கப்பட்டிருக்கவில்லை. விற்ற கடையில் கேட்டதற்கு, இங்கிலீஷ் நன்றாகத்தானே தெரிகிறது என்று பதில் வந்தது. வெளியிலிருந்து குறுந்தகட்டு இயக்கி ஒன்றை இரவல் வாங்கி, நண்பரின் தகட்டைச் செருகி, கொம்பைக் கொம்பின் ஸ்தானத்தில் நிறுத்த எனக்கு எட்டு நாளாயிற்று. அதே யந்திரத்தில் பிற்பாடு டெபியனை ஏற்றியபோது, தமிழ் மொழியைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் எழுத்துருவும் வந்தது, கொம்பும் சரியாக நின்றது, தமிழ்99 விசைப்பலகையும் சில நிமிஷ வேலையாக முடிந்தது. விஸ்டாவிலிருந்து விண்டோஸிலும் இத்தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விஸ்டாவைச் சுமக்கத்தான் அந்த யந்திரத்துக்குத் தோள் இல்லை.

இதை ஒட்டி நம் மாநிலத்து அனுபவம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாநில அரசு நிறுவனமான எல்காட் மூலமாக வாங்கப்பட்ட யந்திரங்களில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. அவை நான் சொல்லும் குறுங்கணினிகளைவிடப் பெரியவை. ஆயினும் ஒரே யந்திரத்தில் இரண்டையும் கொடுத்துவிட்டால் தேர்வுப் பிரச்சினை தீர்ந்ததாகுமா என்ற பரீட்சை அதில் நடந்தது. எனக்குத் தெரிந்த சில வீடுகளில் கண்டதைச் சொல்லுகிறேன்: முதல் நாள் எந்தப் பக்கம் திறந்ததோ அந்தப் பக்கமே நிலைத்தது, மற்றது பூட்டிய அறையாகவே இருந்தது. கற்பிக்க ஒருவர் வாய்த்த இடத்தில் மட்டும் அந்த அறை திறந்தது.

பராமரிக்க ஆளில்லாமை என்று முதலில் சொன்ன குறைக்கு நேரே மருந்து தேடிய முயற்சி கூகுளின் குரோம் ஓஎஸ். 2009-இல் அறிவிக்கப்பட்டு 2011 ஜூனில் சாம்சங், ஏசர் யந்திரங்களோடு கடைக்கு வந்த அதில், அடியில் ஓடுவது லினக்ஸே. ஆனால் உடையவன் கண்ணுக்குத் தெரிவது உலாவி ஒன்றுதான். இயங்குதளத்தின் இரண்டு பிரதிகள் அருகருகே இருக்கும். ஒன்றில் நாம் வேலை செய்துகொண்டிருக்கையில் மற்றொன்றில் புதிய பதிப்பு ஓசையின்றி வந்து அமரும். அடுத்த முறை தொடங்கும்போது அது பொறுப்பேற்கும். தவறினால் பழையது கைகொடுக்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் தன் உடலில் யாரேனும் கைவைத்தார்களா என்று தன்னைத்தானே சோதித்தும் கொள்ளும். ஈ பிசியின் எஃப்9 பொத்தானில் இருந்த அதே விவேகம் இங்கே முதிர்ந்து நிற்பதைக் காணலாம். வயதான பெற்றோருக்கு யந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு இதைக் காட்டிலும் நிம்மதியான தேர்வு எனக்குத் தெரியவில்லை. இணையம் இல்லாத இடத்தில் இதன் பயன் பாதியாகக் குறையும் என்பதும், நம் எழுத்தெல்லாம் ஒரு நிறுவனத்தின் கிட்டங்கியில் சேரும் என்பதும், புதுப்பிப்புக்கு முடிவுநாள் ஒன்று விதிக்கப்பட்டிருக்கும் என்பதும் எதிர்க்கட்சி. அந்த முடிவுநாளைப் பத்தாண்டுக்கு நீட்டுவதாக 2023-இல் அறிவித்தார்கள். ஆதலால், பழைய யந்திரத்தை மலிவாக வாங்குபவர் அது தமக்கு எப்போது வந்தது என்று பாராமல், அந்த மாதிரி எந்த வருஷம் வெளிவந்தது என்று பார்க்கவேண்டும்.

குரோம் ஓஎஸ் யந்திரங்களின் விலைக்கு ஈடுகொடுக்க 2014-இல் விண்டோஸ் பக்கத்திலிருந்து வந்தவை ஹெச்பி ஸ்ட்ரீம் 11 முதலிய யந்திரங்கள். இருநூறு டாலர் விலை, இரண்டு ஜிகாபைட் நினைவகம், 32 ஜிகாபைட் சேமிப்பிடம். விண்டோஸைச் சுருக்கிய பிம்பமாகவே அதில் மடித்து வைத்திருந்ததால் அன்றைக்கு இடம் போதுமானதாயிருந்தது. பின்னர் விண்டோஸ் 10-இன் பெரிய புதுப்பிப்புகள் வருஷத்துக்கு இருமுறை வரத் தொடங்கியபோது, பழையதை வைத்துக்கொண்டு புதியதை விரிக்க இடமில்லாமல் இவ்வகை யந்திரங்கள் திணறின. நானும் இவ்வகையில் ஒன்றை, நிறுவனத்தின் பெயர் எதற்கு, வைத்திருந்தேன். தரவிறக்கும், விரிக்கும், இடமில்லையென்று சொல்லித் திரும்ப மடக்கும், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். என் சொந்தக் கோப்பு ஒன்றும் இல்லாமல் துடைத்துக் கொடுத்தும் அதன் பசி அடங்கவில்லை. 2019-இல் விண்டோஸ் 10-க்குக் குறைந்தபட்சம் 32 ஜிகாபைட் வேண்டுமென்று விதி மாறியது; 2021-இல் வந்த விண்டோஸ் 11, அறுபத்துநான்கு கேட்டது; 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் முடிந்தது. ஆகவே அந்த வகை யந்திரங்களை விண்டோஸில் வைத்திருப்பதற்கு இன்று நான் நியாயம் காணவில்லை. ஐந்தாறு ஜிகாபைட்டில் அடங்கிவிடும் இலகுவான லினக்ஸ் ஒன்று அவற்றில் ஏறினால், மீதமுள்ள இடம் உடையவனுக்கே மிஞ்சும்.

எந்த லினக்ஸ் என்பது அடுத்த கேள்வி. இங்கே செயலியின் வயது குறுக்கிடுகிறது. என்-270 முதலிய ஆரம்பகால ஆட்டம் செயலிகள் 32 பிட்டு இனம். 2010 வாக்கில் வந்த என்-450-இலிருந்துதான் அந்த வரிசை நெட்புக்குகளில் 64 பிட்டு புகுந்தது. 32 பிட்டு இனத்துக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. லினக்ஸில் கூகுளின் குரோம் உலாவி 2016-இலேயே நின்றது. ஃபெடோராவும் உபுண்டுவும் 2019-இல் விலகின. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அந்த இனத்துக்குக் கருவையும் நிறுவியையும் தருவதை நிறுத்திற்று. ஃபயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. 32 பிட்டு யந்திரம் வைத்திருப்பவர்க்கு டெபியன் 12-உம், அதன் வழிவந்த ஆன்டிஎக்ஸ் போன்ற எளிய பதிப்புகளும், மொத்தத்தையும் நினைவகத்திலேயே ஏற்றிக்கொண்டு ஓடும் பப்பி லினக்ஸும் மிச்சம். 64 பிட்டும் நான்கு ஜிகாபைட் நினைவகமும் உள்ளவர்க்குக் கவலையில்லை. எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி மேஜையுடைய எந்தப் பெரிய விநியோகமும் செவ்வையாக ஓடும், பழைய யந்திரங்களில் நாமே ஏற்றிக்கொள்ளத்தக்க குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. இரண்டு ஜிகாபைட்டுக்காரர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: இயங்குதளத்தை எவ்வளவு இளைக்கவைத்தாலும், அதனுள் திறக்கும் உலாவி இளைக்காது. இருநூறு மெகாபைட்டில் எழுந்து நிற்கும் இயங்குதளத்தின்மேல் ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்ததும் அது அதைப்போல் சில மடங்கு விழுங்கும். இன்றைக்குப் பழைய குறுங்கணினியைக் கொல்வது பெரும்பாலும் இயங்குதளம் அன்று, இணையத்தின் தொந்தியே.

இவ்வளவும் காகிதத்தில் பார்த்துச் சொல்லக்கூடியவை. யந்திரத்தில் பார்த்தே தெரியவேண்டியவை வேறு. பென்டிரைவில் ஏற்றி, ஒன்றையும் நிறுவாமல், ஒரு மாலைப்பொழுது ஓட்டிப் பார்க்கும் சௌகரியம் லினக்ஸில் இருக்கையில் அதை உபயோகியாமல் நேரே வன்தட்டை அழிப்பவர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு, அனுதாபம் இல்லை. வைஃபை இணைகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மூடியைச் சாத்தினால் தூங்கி, திறந்தால் விழிக்கிறதா என்பது அடுத்தது. சிறு யந்திரத்துக்கு இதுவே உயிர்நிலை, மாடல் 100-ஐ நிருபர்கள் நேசித்தது இதற்காகத்தான். திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசைகளும் ஒலியும் பெரும்பாலும் தாமே வந்துவிடும். வரைகலைப் பகுதி இன்டெல்லின் பெயரில் இருந்தும் உள்ளே பவர்விஆர் என்ற வேறு குலமாக இருந்தால், ஜிஎம்ஏ 500 அவ்வகையது, லினக்ஸில் அதற்குத் தகுந்த இயக்கி கிடைக்காமல் அவதிப்பட நேரும். அங்கே பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை. 2013-க்குப் பின் வந்த, இன்டெல்லின் பே டிரெயில் இனத்து யந்திரங்களிற் சில, 64 பிட்டு செயலியை வைத்துக்கொண்டு 32 பிட்டு தொடக்க மென்பொருளைச் சுமப்பவை. அவற்றில் சாதாரண லினக்ஸ் பென்டிரைவ் கண்ணுக்கே தெரியாது. அதற்கு ஏற்பாடு செய்திருக்கும் டெபியன் போன்றதைத் தேடவேண்டும்.

என்னிடமிருக்கும் என்-270 யந்திரத்தில் இப்பொழுது டெபியன் 12-உம் எக்ஸ்எஃப்சிஇ மேஜையும் இருக்கின்றன. எழுதுவதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, உலாவியை எடுத்துவிட்டேன். பட்டையைக் கீழிருந்து இடப்பக்கம் மாற்றி வைத்ததில் அறுநூறு புள்ளி உயரத் திரையில் இரண்டு வரி கூடுதலாகத் தெரிகிறது. மூடியைச் சாத்தித் திறந்தால் மூன்று விநாடியில் விட்ட சொல்லிலேயே நிற்கிறது. மின்கலம் முக்கால் மணிக்குமேல் தாங்குவதில்லையாதலால், எழுதும்போது சுவரில் மின்செருகி இருக்கும் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.